ஆம்பூர்க் கோழிகளுக்காகத் தம் கையெழுத்தையே மறுத்த தேவகிருபை அம்மையாருக்கு

கோழியின் குருதியில் குறை தேடிப் பழகிய கண்களால் குற்றமற்றவற்றையும் கண்டுகொண்ட குணவதியே! முப்பத்தோர் ஆண்டுகள் முதல் மணிக்கு முன்பே வந்து, கடைசிக் குப்பியையும் கழுவிக் கவிழ்த்த பின்பே கதவைச் சாத்திய கடமையே! தவறாதவர் என்று பெயர் எடுத்திருந்தும், தவறிய ஒரு நாளைத் தாமே எடுத்துரைத்துத் திருத்திய தகைமையே! வட ஆற்காடு மாவட்டக் கோழிநோய் ஆய்வுக்கூடத்தின் முதுநிலை ஆய்வக உதவியாளராய் விளங்கி, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் தேவகிருபை அம்மையாரே! உம்மோடு உழைத்த நாங்கள் உள்ளம் நிறைந்து உரைக்கும் வணக்கம்.

பாராட்டு மடல் என்றால் எதிரே மாலையோடு அமர்ந்திருப்பவரை விளித்து விளித்து வாசிப்பதே முறை. அம்மையாரோ போன வாரமே எங்கள் தட்டச்சர் மக்பூல் அகமதைக் கூப்பிட்டு, தம்மைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதினால் பாதியிலேயே எழுந்து போய்விடுவதாக எச்சரித்துவிட்டார். "எழுதறதுன்னா நடந்தத எழுதுங்க. வேற யாருக்கோ நடந்த மாதிரி எழுதுங்க. நான் உக்காந்து கேக்கறேன்" என்றார். அவர் எழுந்து போவதை நாங்கள் விரும்பவில்லை. இங்கே கூடியிருப்பவர்களில் பாதிப் பேர் 1983-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் இது தெரியவேண்டும். ஆகவே இனி 'நீவிர்' இல்லை, 'அவர்'தான். சபை பொறுத்தருள்க.

அவர் 1956-இல், இருபத்தேழு வயதில் இங்கே வேலைக்கு வந்தார். அப்போது இந்த ஆய்வுக்கூடம் காகிதப்பட்டறையில் ஓடு வேய்ந்த இரண்டே அறை. ஒரு நுண்ணோக்கியும் மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு குளிர்பெட்டியும் இருந்தன. அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தடுப்பூசி மருந்தை ஐஸ் குடுவையில் வைத்துக்கொண்டு, பஸ் போகாத இடத்துக்கு மாட்டுவண்டியில் போய் வந்தார். அவர் கைப்பட எழுதிய பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் பார்ப்பது அரிது. கழுவாத பிப்பெட் குழாயை மேசைமேல் வைத்தவர்களுக்கு அவர் வாயிலிருந்து வந்ததை இந்த மடலில் எழுத இயலாது. வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் முதல் வரிசையில்தான் இருக்கிறார்கள்.

1983 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆம்பூரிலிருந்து முனவ்வர் பேகம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மூங்கில் கூடை. கூடைக்குள் செத்த கோழிகள் இரண்டு. தோல் தொழிற்சாலைத் தொழிலாளிகளின் மனைவிமார் எண்பத்து நான்கு பேர் சேர்ந்து நடத்தும் கோழி வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மாதனூர்ச் சாலையில் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய கொட்டகை உண்டு. அதில் ஆயிரத்து நூற்று நாற்பது தாய்க்கோழிகள் இருந்தன. அவற்றின் முட்டையைப் பொரிக்கவைத்துத்தான் உறுப்பினர் வீடுகளுக்குக் குஞ்சு போகும். அந்த வீடுகளின் முட்டை தோல் தொழிற்சாலை வாசல்களில் அவித்து, மிளகும் உப்பும் தூவி விற்கப்படும்.

செத்த கோழிகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல் இரண்டு மடங்கு வீங்கி, வெள்ளை வெள்ளைக் கட்டிகளாக இருந்தது. கோழிகளுக்கு வரும் லூக்கோசிஸ் என்ற ரத்தப் புற்று அது. ரெட்ரோவைரஸ் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸால் வருவது. ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ராஜகோபால் மந்தை முழுவதையும் சோதிக்கச் சொன்னார். ஒவ்வொரு கோழியும் இட்ட முட்டை ஒன்றை வாங்கி, ஓட்டின்மேல் அதன் கால்வளைய எண்ணைப் பென்சிலால் எழுதி, வெள்ளைக்கருவைச் சோதிப்பது தேவகிருபையின் வேலை. சோதனைத் தட்டின் சிறு குழிகளில் கடைசியாக ஆட்டு ரத்த அணுக்களைச் சேர்ப்பார்கள். அவை கரையாமல் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாகத் தங்கினால் வைரஸின் புரதம் உண்டு. கரைந்து தெளிவாகப் பரவினால் இல்லை.

பதினைந்து நாளில் எல்லாம் முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பொட்டுகள்.

அவர் அறிக்கை எழுதினார். '412 கோழிகளில் லூக்கோசிஸ் வைரஸ் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். டாக்டர் ராஜகோபால் அதை வைத்துக்கொண்டு, பத்து நாளுக்குள் மந்தை முழுவதையும் கொன்று எரித்து, கொட்டகையை ஆறு மாதம் காலியாகப் போடவேண்டும் என்று உத்தரவு எழுதினார். அவ்வளவு கோழியில் நோய் இருந்தால் மிச்சமுள்ளவற்றையும் காப்பாற்ற முடியாது என்பது அவர் கணக்கு. உத்தரவின் நகல் எப்படியோ வெளியே போயிற்று. அதில் 'புற்று' என்ற ஒரு சொல் இருந்தது. மறுநாளே ஆம்பூர் முழுவதும் கேன்சர் கோழி, கேன்சர் முட்டை என்றே பேச்சு.

நாலாம் நாள் முனவ்வர் பேகம் மறுபடி வந்தார். டாக்டரைப் பார்க்காமல் நேராகத் தேவகிருபையின் மேசைக்கு வந்து, நின்றபடியே பேசினார். கம்பெனி கேட்டில் கூடையோடு உட்கார்ந்த பெண்களிடம் ஒருவரும் முட்டை வாங்கவில்லை. ஒரு வீட்டில் மாமியார் மருமகளின் கோழிகளை அவிழ்த்துவிட்டு விரட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்கு இத்தனை நாள் முட்டை கொடுத்த தாய்மார் அழுகிறார்கள்.

"கோழி போனா போவுதுக்கா. திரும்ப வளத்துக்கலாம். இத்தினி வருஷமா தின்னாங்களே, அவங்களுக்கு வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"தெரியலம்மா" என்றார் தேவகிருபை. "தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்."

அந்தக் கேள்வி முனவ்வர் பேகம் கேட்பதற்கு முன்பே அவர் மனத்தில் இருந்தது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம். அவர் கணவர் ஜார்ஜ், தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், 1979-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். சங்கம் தொடங்கிய 1977-லிருந்தே, தடுப்பூசி மருந்து வாங்க வேலூருக்கு வரும் ஆம்பூர்ப் பெண்கள் அம்மையாருக்கென்று முட்டை கொண்டுவருவார்கள். அதை அவித்துத் தினமும் காலையில் ஜார்ஜுக்குக் கொடுப்பார். அவருக்கு உடம்பு முடியாமல் போனது அதற்கு அடுத்த வருடம். படுத்த பிறகு, சத்தான ஆகாரம் கொடுக்கச் சொன்னார்கள் என்று ஒன்றை இரண்டாக்கினார். நானூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைப் பதிவேட்டில் எழுதிய அன்று அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, தம் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் மேசையிலிருந்த மூர்த்தி, கை வலிக்கிறதா அம்மா என்று கேட்டார். இல்லை என்றார்.

முனவ்வர் பேகம் போன பிறகு தேவகிருபை மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். ஊரிலுள்ள மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அனுமதி வாங்கி, வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் படிப்பு இன்டர்மீடியட்டோடு சரி. பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு படித்தார். முதலில் தேடியது தம்முடைய கேள்விக்கு விடை. உலகில் கோழிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள், முட்டை தின்றவர்கள் எத்தனையோ கோடிப் பேர். அந்தக் கோழி வைரஸ் மனிதருக்குப் புற்றுநோய் கொடுத்ததாக யாரும் சான்று காட்டியிருக்கவில்லை. அந்த வரியை அவர் நாலைந்து தடவை படித்தார். ஆனால், சான்று இல்லை என்பதற்கும் வராது என்பதற்கும் இருக்கும் வித்தியாசம் தெரிந்தவர் அவர். அதனால் முழுதாக மூச்சுவிட முடியவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல்தான் அவர் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. இந்த இன வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழைந்தால், தன் மரபுச் செய்தியை அந்த உயிரணுவின் மரபுச் சரட்டிலேயே படியெடுத்துச் சேர்த்துவிடும். அதன் பிறகு அந்த உயிரணு இரண்டாகும்போதெல்லாம் அதுவும் கூடவே இரண்டாகும். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு கோழியின் கருவணுவுக்குள் அப்படிப் புகுந்துவிட்ட பழைய வைரஸ், தலைமுறை தலைமுறையாக ஆரோக்கியமான கோழிகளின் உடம்பிலேயே இருந்துவருகிறதாம். உயிரணு அதைச் சும்மா விடுவதில்லை. அந்த இடத்தில் வேதிப் பூட்டுகள் போட்டுப் படிக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். சில கோழிகளில் மட்டும் பூட்டு கொஞ்சம் தளர்ந்து, ஒரே ஒரு புரதம் வெளியே வரும். முழு வைரஸ் வராது, யாருக்கும் தொற்றாது, கட்டி உண்டாக்காது. ஆனால் அந்தப் புரதமும் நோய் வைரஸின் புரதமும் சோதனைக் குழியில் ஒரே மாதிரிப் பொட்டாகத்தான் விழும்.

தேவகிருபை தம் அறிக்கையை நினைத்துப் பார்த்தார். அவர் பார்த்தது புரதத்தை. எழுதியது வைரஸ் என்று.

இதழில் இன்னொன்றும் இருந்தது. நோய் வைரஸ் தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும். சேவலிடமிருந்து அப்படிப் போவதில்லை. மரபில் கலந்துவிட்ட பழைய வைரஸோ தாய் வழியும் வரும், தகப்பன் வழியும் வரும். அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த நானூற்றுப் பன்னிரண்டு கோழிகளுக்கும் தகப்பன் யார்?

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் அவர் ஆம்பூர் போனார். சங்கத்தின் கோழிப் பதிவேடு ஒரு பள்ளிக்கூட நோட்டு. முனவ்வர் பேகம் அதை உருதுவில் எழுதி வைத்திருந்தார். கொட்டகையில், தீவன மூட்டைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். தேவகிருபை வளைய எண்ணைச் சொல்வார். முனவ்வர் பேகம் நோட்டைப் பார்த்துத் தாயின் எண்ணையும் தகப்பன் சேவலையும் சொல்வார். முதல் இருபது எண் முடிந்ததுமே தேவகிருபையின் குரல் மாறிவிட்டது என்று முனவ்வர் பேகம் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

1979-இல் சங்கம் பெங்களூரிலிருந்து ஒரு சேவல் வாங்கியிருந்தது. அதன் நடையைப் பார்த்து அதற்கு நவாப் என்று பேர் வைத்திருந்தார்கள். நவாப் அதற்கு முந்தின வருடமே செத்துவிட்டது. ஆனால் அதன் மகன்கள் ஒன்பது சேவல்கள் கொட்டகையில் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்று மூன்று கோழிகள் அந்த ஒன்பது சேவல்களின் மகள்கள். அவற்றில் மிகப் பலவற்றின் தாய்க்கோழிகள் சோதனையில் சுத்தம். ஒவ்வொரு சேவலின் மகள்களிலும் ஏறக்குறையப் பாதிக்குப் பொட்டு, பாதிக்கு இல்லை. தொற்றுநோய் இப்படித் தகப்பனைப் பார்த்து, பாதிக்குப் பாதி பங்கு போட்டு வராது.

அவர் விளக்கியதைக் கேட்டுவிட்டு முனவ்வர் பேகம் சொன்னார்: "அப்ப இது நோவு இல்ல. அப்பன் மூக்கு மாதிரின்னு சொல்லுங்க."

"நானூத்தி மூணுக்கு அப்படித்தான் இருக்கணும். மிச்சம் ஒம்போது இருக்குதே பேகம். அதுங்க நவாப் வழியே இல்ல. அதுங்களுக்கு எப்படி வந்துது? அது தெரியாம நான் யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது."

மறுநாள் காலை டாக்டர் ராஜகோபால் அறையில் நடந்ததை, அப்போது கோப்போடு உள்ளே நின்றிருந்த மக்பூல் அகமது நேரில் கேட்டவர். தேவகிருபை உத்தரவை நிறுத்திவைக்கச் சொன்னார். டாக்டர், உத்தரவு மேலிடத்துக்குப் போய்விட்டது, ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை ஆய்வுக்கூடமே மறுப்பது எப்படி என்று கேட்டார். பிறகு அறிக்கையை எடுத்து அவர் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே அம்மா?"

"என்னோடதுதான் சார். நான் பாத்தது வைரஸோட புரதம். வைரஸ்னு எழுதிட்டேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன். அது என் தப்பு. அப்படின்னு எழுதி இன்னொரு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அந்தக் காகிதத்த மேல அனுப்புங்க."

பணி நிறைவுக்கு நாலு வருடம் இருந்த ஓர் ஊழியர் தம் தவறைத் தாமே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். டாக்டர் அறிக்கையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, அந்தக் காகிதம் வேண்டாம், அறிக்கையைச் சரிபார்க்காமல் உத்தரவு போட்டது நான், நானே எழுதுகிறேன் என்றார். அப்படியே எழுதினார். மேலிடத்திலிருந்து நாற்பது நாள் அவகாசம் வந்தது. அதுவரை தீவனம் வைப்பவரும் ஆய்வுக்கூடத்தாரும் தவிரக் கொட்டகைக்குள் யாரும் போகக்கூடாது, விற்பனைக்கென்று ஒரு முட்டையும் வெளியே வரக்கூடாது.

உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு. அதை வளரவிட்டுப் பார்க்கவேண்டும். பொட்டு விழாத கோழியும், ரத்தச் சோதனையில் பொட்டு விழாத சேவலும் சேர்ந்த முட்டைகளைப் பதினொரு நாள் அடைவைத்து, கருவின் உயிரணுக்களைப் பிரித்துக் குப்பிகளில் வளர்த்தார் தேவகிருபை. நானூற்று மூன்று கோழிகளின் ரத்தத்தைப் பத்துப் பத்தாகச் சேர்த்து நாற்பத்தோரு குப்பி. சந்தேகமான ஒன்பதுக்கும் தனித்தனியே ஒன்பது குப்பி. செத்த இரண்டு கோழிகளின் ஈரலை அவர் முன்பே பனிப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தார். அதன் சாறு ஊற்றிய குப்பி இரண்டு. எதுவும் ஊற்றாதது இரண்டு. வாரத்துக்கு ஒருமுறை உயிரணுக்களைக் கழுவிப் புதுக் குப்பிக்கு மாற்றினார். ரத்தத்தோடு வந்த புரதம் கழுவக் கழுவப் போய்விடும். உயிருள்ள வைரஸ் இருந்தால் அது மட்டும் பெருகிக்கொண்டே இருக்கும்.

அந்த வருடம் மழையில்லாத வருடம். மின்வெட்டு கடுமை. மே மாதம் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை மின்சாரம் இருக்காது. அறைக்குள் வெப்பம் நாற்பத்திரண்டு. கோழியின் உயிரணு நாற்பத்தொன்று வரை தாங்கும், அதற்கு மேல் போனால் செத்துவிடும். குளிருக்குப் பயந்து, குப்பிகளைக் கதகதப்பாக வைக்க வாங்கிய பெட்டியை நாங்கள் வெயிலுக்குப் பயந்து காத்தோம். மூர்த்தி மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாறை கொண்டுவருவார். கோணிச் சாக்கை நனைத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தி, ஆளுக்கு அரை மணி நேரம் விசிறினோம். டாக்டர் ராஜகோபாலும் முறை வைத்து விசிறினார். தேவகிருபை வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு. ஒருநாள் பதினேழாம் எண் குப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்தப் பத்துக் கோழிகளின் ரத்தத்தை மறுபடி எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதை மட்டும் விட்டுவிடலாமே என்று யாரோ சொன்னபோது அவர் புதுக் குப்பிக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார்.

மே 27, வெள்ளிக்கிழமை. பதினேழாம் குப்பி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அன்று முடிவு. குப்பிகளின் உயிரணுக்களைச் சோதித்த குழித்தட்டை மேசைமேல் வைத்ததும் தேவகிருபை, "சார், நீங்க படிங்க. நான் எழுதறேன். எந்தக் குழி எதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஒரு தடவை தாமே படித்துத் தவறியவர், இந்தத் தடவை தம் கண்ணை நம்புவதாக இல்லை.

டாக்டர் வரிசையாகப் படித்தார். நாங்கள் எல்லோரும் சுவரோரம் நின்றோம். செத்த கோழிகளின் ஈரல் இருந்த இரண்டு குழியிலும் பொட்டு. உயிரணுக்கள் நன்றாக இருக்கின்றன, வைரஸ் இருந்தால் காட்டிக்கொடுக்கின்றன என்று அதற்குப் பொருள். எதுவும் ஊற்றாத இரண்டும் தெளிவு. பிறகு இல்லை, இல்லை, இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது இல்லைகள். பத்து நாள் கழித்துப் பதினேழாம் குப்பியிலும் இல்லை என்றே வந்தது.

ஒன்பதில் மட்டும் எட்டுக் குழியில் பொட்டு. அந்த எட்டுக் கோழிகளிடமும் உயிருள்ள வைரஸ் இருந்தது. செத்த இரண்டும் சந்தையிலிருந்து வாங்கிச் சேர்த்த கோழிகள் என்பதும், இந்த எட்டும் அவற்றோடு ஒரே அடைப்பில் இருந்தவை என்பதும் விசாரித்தபோது தெரிந்தது. ஒன்பதாவது கோழியின் குழி தெளிவாக இருந்தது. இறகு உதிர்ந்த சமயத்தில் அதன் வளையம் கழன்று, வேறு வளையத்தை மாட்டியது முனவ்வர் பேகத்துக்கு அப்புறம் நினைவுக்கு வந்தது. அதுவும் நவாபின் பேத்திதான்.

தேவகிருபை கடைசி வரியை எழுதி முடித்து, பேனாவை மூடினார். மூர்த்தி தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு முதலில் சொன்னது, அந்த எட்டுக் கோழிகளையும் வதைக்காமல் கொல்லவேண்டும், நானே வருகிறேன் என்பதுதான்.

அவரே போனார். எட்டும் எரிக்கப்பட்ட பிறகு, டாக்டர் ராஜகோபாலும் அவரும் மதியச் சாப்பாட்டு வேளையில் தோல் தொழிற்சாலை வாசலுக்குப் போனார்கள். அங்கே முனவ்வர் பேகம், உறுப்பினர் வீட்டு முட்டைகளை அவித்துக் கூடையில் வைத்துக் காத்திருந்தார். தொழிலாளிகள் கூடினார்கள், ஆனால் கூடைக்குப் பக்கத்தில் வரவில்லை. டாக்டர் நடந்ததை எல்லாம் சொன்னார். ஆய்வுக்கூடம் அவசரப்பட்டுவிட்டது என்பதையும் சொன்னார். வாஹித் பாஷா என்ற தொழிலாளி, தின்றால் கேன்சர் வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டார்.

"இந்தக் கோழி வைரஸ் மனுஷனுக்குப் புத்துநோய் குடுத்ததா இதுவரைக்கும் உலகத்துல யாரும் காட்டல. அதத்தான் எழுத முடியும், எழுதிட்டேன். நோய் இருந்த எட்டையும் எடுத்துட்டோம்" என்றார் டாக்டர்.

அப்படியானால் நீங்கள் ஒன்று தின்னுங்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். டாக்டர் சுத்த சைவம். அவர் திகைத்து நின்றதைப் பார்த்துச் சிலர் சிரித்துவிட்டார்கள். தேவகிருபை கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு முட்டையை எடுத்து உரித்து, மிளகும் உப்பும் தொட்டுப் பாதியைத் தின்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தையும் தின்றார். வாஹித் பாஷா இரண்டு வாங்கினார். அன்று கூடை காலியாகிவிடவில்லை. பாதிக்கு மேல் விற்றது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் முனவ்வர் பேகத்திடம் ஜார்ஜைப் பற்றிச் சொன்னார். தாம் கொடுத்த முட்டைகளைப் பற்றிச் சொன்னார். முனவ்வர் பேகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி நாளா இத யாருகிட்டயும் சொல்லலியா அக்கா?"

"தெரியாம இன்னா சொல்றது? அந்த ரெண்டு நாள் படிச்சப்ப பயம் கொஞ்சம் விட்டுது. இன்னிக்கித் தின்னப்ப மிச்சமும் விட்டுது. அவரு விரும்பித்தான் தின்னாரு. அது போதும்."

டாக்டர் ஜீப்பில் வாணியம்பாடிப் பக்கம் போகவேண்டியிருந்ததால் அம்மையார் தனியாகப் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா வரைக்கும் விழித்திருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. அதன் பிறகு தூங்கிவிட்டார். ஜார்ஜ் இறந்த நாளிலிருந்து பகலில் கண் அசராதவர், வேலூர் வந்ததும் தெரியாமல், பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தெரியாமல் தூங்கினார். கடைசி நிறுத்தமான காட்பாடியில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோது, ஸ்டேஷன் வாசலில் இறங்கி, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் நின்று, தமக்குத்தாமே சிரித்துக்கொண்டாராம். அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் இல்லாமல் நின்றபடி வீடு திரும்பியதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை.

அன்று முதல் நம் அறிக்கைப் படிவத்தில் 'புரதம் உண்டா', 'வைரஸ் வளர்ந்ததா' என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியே இருக்கின்றன. எதற்கு இரண்டு என்று கேட்ட புதியவர்களுக்கு இதுவே விடை. நவாபின் வம்சம் இன்றும் ஆம்பூரில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அந்தச் சங்கத்துப் பெண்கள் முப்பது பேர் வேலை நாளென்றும் பாராமல் வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

கதை முடிந்தது. இனி நீவிர் எழுந்து போகமாட்டீர் என்ற துணிவில் மறுபடி உம்மை விளிக்கிறோம்.

அறியாததை அறியேன் என்று சொல்லவும், அறிந்தபின் அதை அஞ்சாது உரைக்கவும் எங்களுக்குக் கற்பித்த அன்பு நிறைந்த அம்மையாரே! குடியாத்தத்தில் மகள் பொன்மலர் இல்லத்தில் நீர் குடியேறப் போவதாக அறிந்து, பிரிவின் வருத்தத்தோடு பெரிதும் மகிழ்கிறோம். மாத்திரை மறந்து போகும் அளவுக்கு மாறாத உடல்நலமும், பேரப்பிள்ளைகளின் பேச்சொலியில் பொழுது போவதே தெரியாத பெருவாழ்வும், நூறாண்டும் அதற்கு மேலும் நோயின்றி நிறைந்த ஆயுளும் நீர் பெறவேண்டும் என்று, அவரவர் வணங்கும் தெய்வத்தை அவரவர் முறையில் வேண்டி நிற்கிறோம்.

இந்த மடலில் பதவி வரிசைப்படி கையெழுத்திட வேண்டாம், அந்த மே மாதம் பெட்டிக்கு விசிறிய வரிசைப்படி இடுவோம் என்று முடிவு செய்தோம். டாக்டர் ராஜகோபால், தாம் நாலாவதாக வந்தவர் என்று ஒத்துக்கொண்டு, நாலாவது இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்.

காகிதப்பட்டறை, வேலூர்
30.6.1987

உம்மோடு பணியாற்றிய பெருமையுடன்,
மூர்த்தி, மக்பூல் அகமது, அம்சவேணி, டாக்டர் ராஜகோபால்
மற்றும் வட ஆற்காடு மாவட்டக் கோழிநோய் ஆய்வுக்கூடத்தின் ஊழியர் அனைவரும்

ஆம்பூர்ச் சங்கத்தின் சார்பில், உருதுவில், முனவ்வர் பேகம்